நம்பிக்கை ஒரு பந்தயமா?



“கடவுளை நம்பினால் என்ன லாபம்? நம்பாவிட்டால் என்ன நட்டம்?” இது இன்று பலரும் கேட்கும் கேள்வி. பிரான்சு நாட்டுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் (1623–1662) இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். வரிப்பணியில் இருந்த தந்தைக்கு உதவ, கணக்கிடும் இயந்திரம் செய்தவர் அவர். நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரும்கூட. 2023 ஜூன் 19 அன்று, அவர் பிறந்த 400ஆம் ஆண்டு நிறைவில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார்.

பாஸ்கலின் கணக்கு எளியது. கடவுள் இருக்கிறாரா என்பதை அறிவு மட்டுமே தீர்த்துவைக்காது. ஆனாலும் வாழ்கிற எவரும் ஏதோ ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டும். ஒதுங்கி நிற்க வழியில்லை. நம்பி வாழ்ந்தவருக்கு, கடவுள் இருந்தால் கிடைப்பது முடிவில்லாத வாழ்வு. இல்லையென்றால் அவர் இழப்பது அளவுள்ள சில இன்பங்களே. அளவுள்ளதைக் கொடுத்து அளவற்றதைப் பெறும் வாய்ப்பை யார் விடுவார்?

“அப்படியானால் ஆதாயத்துக்காகக் கடவுளை நம்புவதா? அது பக்தியா, வியாபாரமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தக் கணக்கு கடவுள் இருக்கிறார் என்று நிரூபிப்பதில்லை. வாசலில் தயங்கி நிற்பவரை உள்ளே ஓரடி வைக்கச் செய்கிறது, அவ்வளவே. “எனக்கு நம்பிக்கை வரவில்லையே” என்பவருக்கும் பாஸ்கல் வழி சொன்னார்: நம்புகிறவர்கள் செய்வதைச் செய்யத் தொடங்குங்கள், திருப்பலிக்குச் செல்லுங்கள். நடக்க நடக்கத்தான் பாதை தெரியும்.

ஆனால் நம்பிக்கைக்கு விலையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கோபுரம் கட்டுகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவரே சொல்கிறார் (லூக்கா 14:28). மன்னிக்க மனம் இல்லாதபோது மன்னிப்பதும், பொய் சொன்னால் லாபம் வரும் இடத்தில் உண்மை பேசுவதும் விலைதான். மறைசாட்சிகள் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள்.

பாஸ்கலும் அந்த விலையைக் கொடுத்தார். 1662இல் அவர் தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தங்கவைத்திருந்தார். அந்த வீட்டுக் குழந்தைக்குப் பெரியம்மை கண்டது. நோயாளியான பாஸ்கல், அவர்களை வெளியேற்றாமல், தாமே வீட்டை விட்டுச் சகோதரியின் இல்லம் சென்றார். சில வாரங்களில், 39 வயதில், அங்கேயே இறந்தார். கணக்கில் தொடங்கியவர் அன்பில் முடித்தார். அன்பு வந்தபின் லாப நட்டம் பார்க்கத் தோன்றுவதில்லை.

அன்பார்ந்தவர்களே, நம் குடும்பத்திலும் நம்பத் தயங்கும் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களோடு வாதாட வேண்டாம். நம்பிக்கைக்காக நாம் எதை இழந்தோம், அதில் எதைப் பெற்றோம் என்பதை அவர்கள் நம் வாழ்வில் காணட்டும். அந்த வரத்தை இன்று இறைவனிடம் கேட்போம். ஆமென்.