மக்காச்சோளப் படைப்புழு: முதல் மூன்று வாரம் முக்கியம்

பெரம்பலூர், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல, நகையை அடகு வைத்தோ குத்தகைக்கு நிலம் பிடித்தோ மக்காச்சோளம் விதைக்கின்றன. அந்தப் பயிரைப் படைப்புழு தின்றுவிட்டால் அடுத்த ஆண்டு வரை கடன்தான் மிஞ்சும். எனவே இந்தப் புழுவைப் பற்றி நாம் அனைவரும் அறிந்துகொள்வது அவசியம்.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018-ல் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழகத்துக்கும் வந்துவிட்டது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் நெடுந்தூரம் பறக்கும். தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். முட்டைகள் குவியலாக, பஞ்சு போன்ற மயிரால் மூடப்பட்டு இலையில் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும்.

எப்படி அடையாளம் காண்பது?

புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், வால் பகுதியில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். இளம் புழு இலையின் பச்சையைச் சுரண்டுவதால் இலை வெள்ளைக் காகிதம் போலாகும். பெரிய புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தே தின்னும். அதன் பிறகு மேலே அடிக்கும் மருந்து புழுவைச் சென்றடைவதில்லை. பலர் பணத்தை இழப்பது இந்த நிலையில்தான்.

என்ன செய்யலாம்?

கோடை உழவு செய்தால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் பறவைகளுக்கு இரையாகியும் அழியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம். வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி ஆகியவற்றையும், ஊடுபயிராக உளுந்தையும் விதைத்தால் புழுவைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள் பெருகும்.

முளைத்தது முதல் வாரம் இரண்டு முறை வயலுக்குள் நடந்து செடிகளைப் பாருங்கள். முட்டைக் குவியலைக் கண்டால் கையால் நசுக்கிவிடுங்கள். செலவே இல்லாத வேலை இது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூடச் செய்யலாம். தாக்கிய செடியின் குருத்தில் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து தூவலாம்.

நூறு செடியில் ஐந்து முதல் பத்து செடி வரை பாதிப்பு தெரிந்தால் மருந்து தேவை. 15 முதல் 20 நாள் பயிருக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் அசாடிராக்டின் 1500 பி.பி.எம். 5 மி.லி. அல்லது எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. 0.4 கிராம் கலந்து, குருத்துக்குள் இறங்கும்படி மாலையில் தெளிக்கவும். மறுமுறை தேவைப்பட்டால் ஸ்பைனடோரம் 11.7 எஸ்.சி. 0.5 மி.லி. போன்ற வேறு மருந்துக்கு மாறவும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதைத் தாங்கப் பழகிவிடும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து தெளிப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று தெளிக்கக் கூடாது. கூலிக்குத் தெளிக்க வருபவருக்கு இவற்றை வாங்கிக் கொடுப்பது நில உரிமையாளரின் கடமை.

கடைசியாக ஒன்று. வரப்பு நமக்குத்தான், பூச்சிக்கு இல்லை. ஒருவர் முன்னாலும் மற்றவர் பின்னாலும் விதைத்தால் புழுவுக்கு மாதக்கணக்கில் இளம் பயிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பக்கத்து வயல்காரர்களோடு பேசி, மழை கிடைத்ததும் ஒரே வாரத்தில் விதையுங்கள். உங்கள் வயலில் புழுவைக் கண்ட அன்றே அவர்களுக்கும் சொல்லுங்கள். மறைத்தால் இருவருக்கும் நஷ்டம். சொன்னால் இருவர் பயிரும் பிழைக்கும்.