இல்லாத கூட்டாளி கீத் மானைத் தெரியுமா?

லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த கீத் மான் மின்னஞ்சல் போட்டால் உடனே பதில் வரும். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கூடுதல் பணிவு வேறு! ஆனால் அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை, தெரியுமா? 'விட்ச்சி' என்ற இணையக் கடையைத் தொடங்கிய பெனலபி கேசின், கேட் டுவையர் என்ற இரண்டு பெண்கள், தாங்கள் வேலை கொடுத்த ஆட்களிடமே மரியாதை கிடைக்காமல் அலுத்துப்போய் உருவாக்கிய கற்பனைப் பங்குதாரர் அவர். இவர்களைச் சின்னப் பிள்ளைகள் மாதிரி நடத்தியவர்கள் கீத்திடம் மட்டும் பவ்யமாகப் பேசினார்கள். 2017ல் குட்டு வெளியானது.

இந்த உத்திக்கு ஒரு பாட்டி உண்டு! நாஜிகளிடமிருந்து தப்பி, 5 வயதில் ரயிலேறி இங்கிலாந்து வந்த அகதிக் குழந்தை ஸ்டெஃபனி ஷர்லி. 1962ல் 6 பவுண்டு முதலீட்டில் மென்பொருள் கம்பெனி தொடங்கினார். மென்பொருளைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று சிரித்த காலம். அதையும் ஒரு பெண் விற்றால்? எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. 'வீட்டில் கூப்பிடுகிற ஸ்டீவ் என்ற பெயரில் கையெழுத்துப் போடேன்' என்றார் கணவர். போட்டார், கதவு திறந்தது. நேரில் போய் நின்ற பிறகுதானே வந்திருப்பது பெண் என்று தெரியும்! கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தே நிரல் எழுத வைத்தார். முதல் 300 பேரில் ஆண்கள் வெறும் 3 பேர்! வாடிக்கையாளரோடு போனில் பேசும்போது பிள்ளை அழுதால்? டைப் அடிக்கிற சத்தத்தை டேப்பில் பதிந்துவைத்துப் பின்னணியில் ஓடவிட்டார். பரபரப்பான ஆபீஸாம்! கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியது இந்தக் கூட்டம்தான். இதிலும் பெரிய வேடிக்கை, 1975ல் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்ததும், பெண்களாகவே வேலைக்கு எடுத்துவந்த அம்மணிக்கே அது குறுக்கே நின்றது. ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று!

சட்டமே ஆணின் கையெழுத்தைக் கேட்ட இடங்களும் உண்டு. பிரான்ஸில் 1965 வரை கணவர் சம்மதமில்லாமல் மனைவி வங்கிக் கணக்கு தொடங்க முடியாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் தொழில் கடன் கேட்கும் பெண்ணுக்கு உறவுக்கார ஆண் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்கு முடிவு கட்டிய சட்டம் எந்த ஆண்டு? 1988! நேற்றுப் போல இல்லை?

ஒதுக்கப்பட்டவர்களுக்கு உள்ளேயும் ஓர் ஒதுக்கல் உண்டு. 1912, சிகாகோ, கறுப்பின வணிகர்கள் மாநாடு. தலைமை, புகழ்பெற்ற கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் பெரும் பணம் சம்பாதித்திருந்த மேடம் சி. ஜே. வாக்கருக்குப் பேச வாய்ப்புத் தரவில்லை. கடைசி நாள் அவரே எழுந்து நின்று, பருத்திக் காட்டில் தொடங்கி, துணி வெளுத்து, அங்கிருந்து முதலாளியான கதையைச் சொன்னார். அடுத்த ஆண்டு அதே மாநாட்டில் அவர் சிறப்புப் பேச்சாளர்!

நம் நாட்டில் பெயரை மறைக்காமல் பலகையிலேயே போட்டவரும் உண்டு. தலித் கை பட்ட உணவை வாங்க மாட்டேன் என்கிற மனிதர்கள் வாழும் தேசத்தில், 2016ல் சந்திர பான் பிரசாத் ஊறுகாயும் மிளகாய்த்தூளும் விற்கத் தொடங்கினார். வைத்த பெயர், 'தலித் ஃபுட்ஸ்'. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே துணிச்சலான காரியம் இதுதான்.

சரி, தொழிலுக்குப் பணம் கேட்டுப் போனால்? முதலீட்டாளர்கள் ஆணிடம் "எவ்வளவு வளர்வீர்கள்?" என்றும், பெண்ணிடம் "இருப்பதை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?" என்றும் கேட்கிறார்கள், தெரியுமா? நியூயார்க்கில் நடந்த தொழில்முனைவோர் போட்டிகளின் கேள்விகளை அலசினார் டானா கான்சே என்ற ஆய்வாளர். ஆண்களிடம் கேட்டதில் 67 சதவீதம் லாபக் கேள்வி. பெண்களிடம் 66 சதவீதம் நஷ்டக் கேள்வி. கேட்டவர்களில் பெண் முதலீட்டாளர்களும் உண்டு. அவர்களும் இப்படியேதான் கேட்டார்கள்!

ஊரோடு ஒத்துப்போகும் இந்த அழுத்தத்தை உடைக்க எத்தனை பேர் வேண்டும்? 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சோதித்தார். கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்தைச் சுற்றியிருப்பவர்கள் தப்பாகச் சொன்னால், நாமும் பல நேரம் தப்பாகச் சொல்கிறோம். அவர்களில் ஒரே ஓர் ஆள் சரியாகச் சொல்லிவிட்டால் தப்பு நாலில் ஒரு பங்காகிவிடுகிறது! (அவர் சோதித்த அத்தனை பேரும் ஆண்கள்.)

துணைக்கு ஒருவர் இருந்தால் பெண்களுக்கும் பலன் உண்டா? அகமதாபாத்தில் சேவா வங்கி இருக்கிறது. 1974ல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் போட்டு ஆரம்பித்தது. அதன் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி நடத்தினார்கள் பொருளாதார ஆய்வாளர்கள். பாதிப் பேரைத் தனியாக அழைத்தார்கள். மீதிப் பேரைத் தோழியோடு. நாலு மாதம் கழித்துப் பார்த்தால், தோழியோடு வந்தவர்களில் தொழிலுக்குக் கடன் வாங்கியவர்கள் அதிகம், வீட்டு வருமானமும் கூடியிருந்தது. அதிலும், பெண் வெளியே போகக் கட்டுப்பாடு மிகுந்த சமூகங்களில்தான் பலன் அதிகம்!

ஆகவே, உங்கள் ஊரில் தொழில் பயிற்சி என்று அறிவிப்பு வந்தால் தனியாகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு போங்கள்.