பழைய மோட்டார்ப் பொறிக்குப் புத்துயிர்

இராஜபாளையத்தில் எம் பாட்டனார் வீட்டுக் கொட்டகையில் ஓர் அம்பாசடர் மோட்டார் வண்டி ஏழாண்டுகளாக அசையாது நின்றது. அவர் மறைந்தபின் அதனைத் தொட்டவர் இலர். சென்ற கோடை விடுமுறையில் பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் வந்து, அதனைச் சுற்றிப் பார்த்து, எடைக்கணக்கில் விலை பேசினார். கல்லூரி திறக்கும் நாளுக்குள் பொறியை ஓடச் செய்தால் விற்பதில்லை என்று தந்தையார் எமக்குத் தவணை கொடுத்தார். அத்தவணைக்குள் யாம் கற்றவற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வோனுக்குப் பட்டறையில் என்ன வேலை என வினவுவோர் சற்றே பொறுப்பாராக.

பொறி என்னும் சொல் நம் மொழியில் யந்திரத்தையும் குறிக்கும், நெருப்புத் துளியையும் குறிக்கும். பெட்ரோல் யந்திரத்திற்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைத்தல் அரிது. எம் வண்டியின் பொறியில் நான்கு சிலிண்டர்கள் வரிசையாக உள்ளன. அவற்றின் கொள்ளளவு மொத்தம் 1489 கன சென்டிமீட்டர். ஒவ்வொரு சிலிண்டரினுள்ளும் ஒரு பிஸ்டன் ஏறி இறங்குகின்றது. முதல் இறக்கத்தில் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை உறிஞ்சும். அடுத்த ஏற்றத்தில் அதனை நெருக்கும். அப்பொழுது ஸ்பார்க் பிளக் தீப்பொறியைத் தர, ஆவி எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மீண்டும் ஏறுகையில் புகை வெளியேறும். இந்நான்கு அசைவுக்குள் கிராங்குத் தண்டு இருமுறை சுழல்கின்றது. இவ்விரு சுற்றுக் கணக்கை மறந்தமையால் யாம் பட்ட பாட்டைப் பின்னர்க் கூறுவோம்.

பொறியைப் பிரித்துக் கற்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் உணவு விடுதியில் ஊழியஞ் செய்து சேர்த்த பணத்தால் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டியே யந்திர நுட்பத்தை உணர்ந்தார். பின்பு 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அவர்தம் அறிவு எமக்கு இல்லை. ஆயினும், பிரித்தால் விளங்கும் என்னும் துணிவை அவர் வரலாறே எமக்கு ஈந்தது.

பிரிக்குமுன் பொறியின் நோயை அறிதல் வேண்டும். நெடுநாள் நின்ற பொறியை உடனே சுழற்றினால் துருப்பிடித்த ரிங்குகள் சிலிண்டரைக் கீறிவிடும். ஆதலால் பிளக்குத் துளைகளின் வழியே எண்ணெய் விட்டு நான்கு நாள் ஊறவைத்தோம். அதன்பின் ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்திச் சுழற்றிப் பார்த்தபோது, இரண்டு சிலிண்டர்களில் முள் பாதியளவு கூட ஏறவில்லை. இங்கே ஓர் எளிய உபாயம் உண்டு. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளத்தல் வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் எண்ணெய் ரிங்குகளின் இடைவெளியை அடைத்தது என்பது பொருள். தேய்ந்தவை ரிங்கும் சிலிண்டருமாம். உயராவிடின் வால்வே கசிகின்றது. எம் பொறியின் முதற் சிலிண்டரில் அழுத்தம் உயர்ந்தது; மூன்றாவதில் உயரவில்லை. நோய் இரண்டென்று துணிந்தோம்.

பிரித்த உறுப்புகளைத் திண்ணையில் சாக்கு விரித்து வரிசையாய் வைத்தோம். அவற்றைக் கண்ட பாட்டியார், இஃது எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட உலர்ந்த எலும்புப் பள்ளத்தாக்கு என்றார். எந்த எலும்பு எந்த எலும்போடு சேரவேண்டுமென்பதே இவ்வேலையின் உயிர்நிலை. ஒரு பிஸ்டன் தண்டின் மூடியை மற்றொன்றிற்கு மாற்றிப் பூட்டலாகாது. அவை ஒன்றோடொன்று பொருந்தக் கடையப்பட்டவை. ஆகவே ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டோம்.

சிலிண்டரின் தேய்வு எங்கும் ஒரே அளவினதன்று. மேல் ரிங்கு ஏறி நிற்கும் இடத்திலேயே வெப்பம் மிகுதி, எண்ணெய் குறைவு. எனவே அங்கே தேய்வு மிகும். மேலும், எரிந்த ஆவி பிஸ்டனைத் தள்ளும்போது தண்டு சாய்ந்திருப்பதால், பிஸ்டன் ஒரு பக்கச் சுவரையே அழுத்தி உராய்கின்றது. இதனால் வட்டமாயிருந்த துளை முட்டை வடிவு கொள்ளும். இராஜபாளையத்து லேத்துப் பட்டறையில் அளந்த மேஸ்திரி, 0.28 மில்லிமீட்டர் தேய்வு என்றார். ஒரு தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மூன்று தாளின் கனத்திற்காக ஒரு வண்டி இரும்பு விலைக்குப் போகவிருந்தது! துளையைக் கடைந்து அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களை இட்டோம். பட்டறையில் இதனைப் 'போர் போடுதல்' என்பர்.

அப்பிஸ்டன்களைத் தேடியலைந்தது தனிக் கதை. அம்பாசடர் வண்டி செய்வது 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்று புறநானூற்றில் ஔவையார் குறிக்கின்றார். அவ்வணிகரின் முன்யோசனை எம் பாட்டனாரிடம் இருந்திருப்பின், மதுரையில் யாம் பத்துக் கடை ஏறி இறங்கியிருக்க வேண்டியதில்லை.

வால்வின் கதை வேறு. பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு அமரும் இருக்கையின்மேல் அது மெல்லிய பூச்சாய்ப் படிந்து தேய்வைத் தடுத்தது. அந்த ஈயமோ மனிதர் இரத்தத்தில், சிறப்பாகக் குழந்தைகளின் மூளையில், நஞ்சாயிற்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகின்றது. மக்கட்கு அது நன்மையே. வார்ப்பிரும்பு இருக்கையுடைய பழம்பொறிகளுக்கு மட்டும் கேடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு முதிய மேஸ்திரி தேய்ந்த இருக்கைகளைக் கடைந்தெடுத்து, கடினமான எஃகு வளையங்களை இறுக்கிப் பொருத்தினார். பின் மணற்பசை தடவி ஒவ்வொரு வால்வையும் கையாலேயே அரைக்கச் சொன்னார். வால்வின் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கால்மணி நேரம் பார்ப்பார். ஒரு துளி கசிந்தாலும் மீண்டும் அரைக்கவேண்டும். ஒரே வால்வை யாம் ஐந்து முறை அரைத்தோம். தமக்குப்பின் இவ்வேலைக்கு ஆள் இல்லையென்று அவர் வருந்தாமலே சொன்னார். கேட்ட எமக்கே வருத்தமாயிருந்தது.

புது ரிங்குகளின் முனைகள் ஒன்றையொன்று தொடலாகாது. வெப்பத்தால் ரிங்கு நீளும். இடைவெளி இல்லாவிடில் முனைகள் முட்டி ரிங்கு ஒடியும், சிலிண்டரும் கீறுண்ணும். இடைவெளி மிகுந்தாலோ அழுத்தம் தங்காது. எம் அளவுச் சிலிண்டருக்குக் கால் மில்லிமீட்டரளவு விட்டோம்.

எல்லாம் பூட்டிச் சாவியைத் திருப்பிய அன்று, பொறி ஓடவில்லை; கார்பரேட்டர் வழியே தும்மியது. மறுநாளும் அவ்வாறே. தவணைக்கு ஆறு நாளே எஞ்சியிருந்தது. முதற் பிஸ்டன் உச்சியில் நின்றபோது தீப்பொறி வரும்படியே டிஸ்ட்ரிபியூட்டரை அமைத்திருந்தோம். பிழை யாதெனத் தெரியவில்லை. அன்றிரவு படுக்கையில் அவ்விரு சுற்று நினைவிற்கு வந்தது. பிஸ்டன் உச்சிக்கு வருவது இருமுறை: ஆவியை நெருக்கும்போது ஒன்று, புகையைத் தள்ளும்போது மற்றொன்று. யாம் பிந்தியதைப் பிடித்திருந்தோம்! விடியலில் டிஸ்ட்ரிபியூட்டரின் உள்தண்டைக் கழற்றி அரைவட்டம் திருப்பி வைத்தோம். சாவியைத் திருப்பியதும் பொறி முழங்கிற்று; பாட்டியார் அடுக்களையினின்றும் ஓடி வந்தார்.

புதிதாய்க் கடைந்த பொறியை விரைந்து ஓட்டலாகாது. ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துப் படியுமட்டும் மிதமாய், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுதல் முறை. பாட்டியாரை முன்னே அமர்த்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றோம். தேரடியில் சிறிது நின்று, மேஸ்திரியின் பட்டறை வாயிலில் வண்டியை நிறுத்தினோம். அவர் மூடியைத் திறக்கவில்லை. புகைக் குழலின் வாயிலில் உள்ளங்கையைப் பிடித்துச் சிறிது நேரம் நின்றார். பின்பு, எண்ணெய் சீக்கிரம் மாற்றுங்கள் என்று மட்டும் கூறினார்.

எண்ணூறு கிலோமீட்டர் ஓடியதும் மாற்றினோம். வடித்த எண்ணெயில் வெயில் பட்டபோது நுண்ணிய இரும்புத் துகள்கள் மின்னின. இரண்டாம் முறை மாற்றியபோது அவை அருகியிருந்தன.