மழைக் காலத்தில் நீரிறைக்கும் எண்ணெய் இஞ்சினைப் பாதுகாக்கும் விதம்

சென்னை மாகாணத்தில் எண்ணெய் இஞ்சினைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் வழக்கம், 1900-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஆல்பிரட் சாட்டர்டன் துரையின் முயற்சியால் பரவத் தொடங்கிற்று. இப்பொழுது பெரும்பாலான கிணறுகளில் மின்சார மோட்டார் அமைந்துவிட்டபோதிலும், கம்பி எட்டாத இடங்களில், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய சிறு இஞ்சின்கள் இன்னும் உதவி வருகின்றன.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவ மழை பெய்யுங்கால் இவ்விஞ்சின்களுக்கு வேலையில்லை. தை பிறந்து நவரைப் பயிருக்குத் தண்ணீர் வேண்டியபோது கயிற்றை இழுத்தால் இஞ்சின் அசைவதில்லை. உடையவர் உதிரிச் சாமான் தேடிச் சென்னை இராயப்பேட்டை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளுக்கு அலையும் நாட்களில் வயல் வெடித்துப் பயிர் வாடுகிறது. புரட்டாசியில் அரைநாள் உழைத்தால் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

குளிர் தேசங்களில் பம்பினுள் நின்ற நீர் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். நம் நாட்டில் அந்தப் பயமில்லை. துருவும் பிசினுமே இங்குச் சத்துருக்கள். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாய்ப் படிந்து, நுண்ணிய துவாரத்தை அடைக்கும். மேலும், இந்நாளைய பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை கலந்துள்ள எதனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. ஆகையால் கடைசி நாளன்று, நிறுத்துவதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் மண்ணெண்ணெயிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி, பிறகு பெட்ரோல் குழாயை மூடி, இஞ்சின் தானே நிற்கும்படி விடவேண்டும். டாங்கியிலுள்ளதை முற்றும் வடித்துவிடுதல் நன்று.

இஞ்சின் சூடாயிருக்கும்போதே பழைய மசகெண்ணெயை வடிக்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெயும் புளிப்புப் பொருள்களும் அதில் கலந்திருப்பதால், அது உள்ளே கிடந்தால் பேரிங்குகளை அரிக்கும். புதிய எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் ஒரு பெரிய கரண்டியளவு சுத்தமான மசகெண்ணெயை விட்டு, கயிற்றை நாலைந்து முறை மெல்ல இழுத்தால் எண்ணெய் சுவரெங்கும் பரவும். பின்பு பிளக்கை மாட்டி, அமுக்கம் கையில் படும் நிலையில் நிறுத்தி வைத்தால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக் காற்று உட்புகாது.

பம்பின் அடித் திருகைக் கழற்றி நீரை வடித்து, புட்வால்வைக் கழுவித் துடைக்க வேண்டும். நீரால் குளிரும் இஞ்சினாயின் அதன் நீரறையையும் வடிக்க வேண்டும். ரப்பர்க் குழாயை எலிகள் எட்டாதபடி நிழலில் தொங்கவிடுக. புகைபோக்கியில் குளவி கூடு கட்டாவண்ணம் எண்ணெய்த் துணியைச் செருகி, ‘துணியை எடுத்த பின் கிளப்பவும்’ என்று ஓர் அட்டையில் எழுதிக் கட்டுவது நலம்.

இஞ்சினைக் கிணற்றுப் படியில் விட்டுவைத்தல் ஆகாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் அடித்த மிச்சாங் புயலிலும் சென்னைச் சுற்றுப்புறத்தில் நீர் எவ்வளவு விரைவில் ஏறிற்று என்பதை யாவரும் அறிவர். உயர்ந்த பலகைமீது, காற்றோட்டமான அறையில் வைத்து, சாக்கினால் மூட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். உர மூட்டைகள் அருகிலும், மாட்டுத் தொழுவத்திலும் வைத்தலாகாது. உரத்தின் உப்பும் தொழுவத்து ஆவியும் உலோகத்தை அரிக்கும். ஒருகால் நீரில் முழுகிவிட்டால், உட்சென்ற நீரை வடித்து எண்ணெய் மாற்றாமல் கிளப்பிப் பார்க்கக் கூடாது.

நொச்சிக்குப்பம் முதலிய கடற்கரை ஊர்களில் படகின் பின்புறம் மாட்டும் மோட்டாருக்கும் பெரும்பாலும் இம்முறையே பொருந்தும். நிறுத்துமுன் நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டு உப்பை அகற்றுதல் மட்டும் அதிகப்படி வேலை.

தையில், துணியையும் பிளக்கையும் எடுத்து, கயிற்றைச் சிலமுறை இழுத்து மிகுதி எண்ணெயை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டிப் புதுப் பெட்ரோலில் கிளப்புக. முதலில் சிறிது புகை வரின் அஞ்ச வேண்டியதில்லை.

பலர் முறைவைத்து உபயோகிக்கும் பொது இஞ்சினே பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கெடுகிறது. அதைப் பாதுகாக்கும் பொறுப்பு இன்னாருடையதென்று மழைக்கு முன்பே கிராம அதிகாரிகள் ஏற்படுத்தி வைப்பார்களாயின், நவரைப் பயிருக்கு உரிய காலத்தில் தண்ணீர் பாயும்.