வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் மாத்திரை... தசை ஏறும், பலம் ஏறுமா?

ஜிம்முக்குப் போகும் இளைஞர்களின் காதில் அடிக்கடி விழும் பெயர் 'எம்.கே.-677'. ஸ்டீராய்டு இல்லை, ஊசியும் வேண்டாம். உடம்பே தன் வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது பொய்யில்லை, பாதிக் கதை.

வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பது மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. நாள் முழுக்க ஒரே சீராக அல்ல, விட்டுவிட்டுத்தான் சுரக்கும். இரவில் தூங்கிய சிறிது நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தின்போது அளவு உச்சத்துக்குப் போகும். வயது ஏற ஏற இது குறையும்.

இதைத் தூண்டும் செயற்கைப் பொருள்கள் 1980-களிலேயே வந்துவிட்டன. அவை எந்தப் பூட்டைத் திறக்கின்றன என்பது 1996-ல்தான் தெரிந்தது. அந்தப் பூட்டுக்கு உடம்பு வைத்திருந்த சொந்தச் சாவியை ஜப்பானின் மசயாசு கோஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் 1999-ல் கண்டுபிடித்தார்கள். பெயர், கிரெலின். அது பெருமளவு சுரக்கும் இடம் மூளை அல்ல, இரைப்பை! சாப்பாட்டு நேரத்தில் பசியைக் கிளப்புவதும் அதுதான். எம்.கே.-677 போடுவது இந்தக் கிரெலினின் வேஷம். அதனால்தான் சாப்பிடுபவர்களுக்கு அகோரப் பசி எடுக்கிறது.

அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 65 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. மருந்து எடுத்தவர்களின் ஹார்மோன், இளைஞர்களின் அளவுக்கு உயர்ந்தது. ஓராண்டில் கொழுப்பு நீங்கலான எடை சராசரியாக 1.1 கிலோ கூடியது. பலம் மட்டும் கூடவில்லை! கூடவே ரத்தச் சர்க்கரை ஏறியது, இன்சுலினின் திறன் குறைந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய் உள்ள வீட்டுப் பையன் இதை யோசிக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு, இதயச் செயலிழப்பு அபாயம் தென்பட்டதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. விளையாட்டு வீரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இவ்வகைப் பொருள்கள் இருக்கின்றன.

இதே வகையைச் சேர்ந்த மாசிமோரெலின் அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்றது. ஆனால், அது உடம்பை வளர்க்க அல்ல. ஒருமுறை குடிக்கக் கொடுத்து, ரத்தம் எடுத்து, பெரியவர்களுக்கு ஹார்மோன் குறைபாடு உள்ளதா என்று கண்டறியும் பரிசோதனைக்கு.

'பிள்ளை உயரமாக வளரவில்லையே' என்று பவுடர் தேடும் பெற்றோரும் உண்டு. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு எந்த ஹார்மோனும் உயரம் தராது. மூடிவிட்டனவா என்பதைக் கை எக்ஸ்-ரேயில் பார்க்கலாம். பார்த்துச் சொல்ல வேண்டியவர், குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர். குறைபாடு உறுதியானால் அவர் வழக்கமாக எழுதித் தருவது வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத்தான்.