ஜெர்மனில் கிடக்கும் நம் ஊர்ப் பேச்சு

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி, பூவம் தாண்டி வடக்கே போனால் நண்டலாறு. பாலத்தைக் கடந்தால் பொறையார் கடைத்தெரு, அடுத்தது தரங்கம்பாடி. அங்கே 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞரை நமக்கெல்லாம் தெரியும். அச்சுக்கூடம், தமிழில் புதிய ஏற்பாடு, கடுதாசிப்பட்டறை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. ஆனால் அவர் எதிர்த்திசையிலும் வேலை பார்த்தவர். தமிழை ஜெர்மனுக்குக் கொண்டு போனவர். அந்தப் பாதிதான் நம் கைக்கு வந்து சேரவில்லை.

வந்த சில மாதங்களிலேயே ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்துப் பள்ளியை நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். போர்த்துகீசும் வேறு ஐரோப்பிய மொழிகளும் தெரிந்த அழகப்பன் அவருக்குத் துபாஷியாக அமைந்தார். எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி ஏடுகளை விலைக்கு வாங்கி வரச் செய்தார். 1708-ல் அவர் தயாரித்த நூற்பட்டியலில் தமிழர்கள் எழுதிய 119 நூல்கள் இருக்கின்றன. வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறிப்பும் எழுதி வைத்தார்.

அதே வருஷம் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். மொழி பழக ஆரம்பித்து இரண்டே வருஷம்! காரைக்கால் அரசு மகளிர் கல்லூரிக்கு ஔவையாரின் பெயர்தான். அங்கே படிக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு, ஔவையின் வரிகள் பக்கத்து ஊரில் 1708-லேயே ஜெர்மனுக்குப் போன கதை தெரிந்திருக்கும்? அந்த வருஷக் கடைசியில் கோட்டை அதிகாரியோடு மோதல் முற்றி நாலு மாதம் டேனிஷ் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

1713-ல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி முடித்த பெரிய நூலில் சிவன், விஷ்ணுவோடு ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி எல்லோருக்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு. யாருக்கு என்ன படையல், எந்தக் கோயில் எப்படி இருக்கும், கூட நிற்கும் பரிவாரம் எது என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். நம் கிராமங்களின் எல்லைச்சாமிகளைப் பற்றி இவ்வளவு பழைய, இவ்வளவு விரிவான பதிவு வேறு எங்கே இருக்கிறது? ஐரோப்பாவுக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி அவர் காலத்தில் அச்சேறவே இல்லை. 1867-ல் சென்னையில் புத்தகமாயிற்று. எழுதியவர் 1719-லேயே, 36 வயதில், இறந்து போயிருந்தார்.

இவற்றிலெல்லாம் என் மனசைப் பிடித்து உலுக்குவது அந்த 99 கடிதங்கள். 1712-க்கும் 1714-க்கும் இடையில், மதம், சடங்கு, கல்வி, குடும்பம் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்கள். ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. வெள்ளைக்காரர்களின் குடியையும், மாட்டிறைச்சி தின்பதையும், சுத்தமில்லாத பழக்கங்களையும் நேருக்கு நேர் இடித்துரைக்கும் கடிதங்கள் அவற்றில் உண்டு. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய இந்தக் கரையின் மனிதர்கள், புலவர்களோ ராஜாக்களோ அல்லாதவர்களும், தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே பேசிய பேச்சு அது. நம் பாட்டன், முப்பாட்டன் பேச்சை நாம் ஜெர்மன் படித்தால்தான் கேட்க முடியும் என்ற நிலை எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

அவர் மதம் பரப்ப வந்தவர், தன் நோக்கத்துக்கேற்ப வெட்டியும் ஒட்டியும் எழுதியிருப்பார் என்பார்கள். இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கவும் ஜெர்மன் தெரிந்த தமிழர் வேண்டுமே! ஆங்கிலப் பெயர்ப்புகள் வந்துவிட்டனவே, அவற்றிலிருந்து தமிழாக்கினால் ஆகாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். டெல்டாத் தமிழன் ஒருவன் சொன்னது ஜெர்மனுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், மூன்றாம் கையாகத் திரும்பி வந்தால் அவன் குரலில் என்ன மிஞ்சும்?

இரண்டு மொழியும் அறிந்தவர்கள் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. காரைக்கால் அம்மையாரின் பாடல்களைக் காரவேலன் நேராகப் பிரெஞ்சில் பெயர்த்தார். புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1956-ல் தன் வெளியீட்டு வரிசையின் முதல் நூலாக அதைத்தான் கொண்டுவந்தது. காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தே தமிழாக்கினார். திருக்குறளை 1803-ல் ஜெர்மனுக்குக் கொண்டுபோன காமெரரும் தரங்கம்பாடியில் வேலை பார்த்தவர்தான். காரைக்காலில் பிரெஞ்சுக்காவது பழைய உறவு, குடும்பத் தொடர்பு என்று ஒரு பிடி இருக்கிறது. ஜெர்மனுக்கு இந்தக் கரையில் அந்தப் பிடியும் இல்லை.

ஆனால் படிக்க ஆள் இல்லாமல் இல்லை. நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போவதற்காக நம் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் பி1, பி2 நிலை என்று மாய்ந்து மாய்ந்து படிக்கிறார்கள். வேலைக்குப் போகட்டும், நல்லது. அவர்களில் வாசிப்பு ருசி உள்ள நாலு பேரை நிறுத்தி, பழைய ஜெர்மன் அச்செழுத்தையும் 18-ஆம் நூற்றாண்டு நடையையும் கற்றுக்கொடுத்து, இரண்டு மூன்று வருஷம் சம்பளம் தர ஒரு கல்லூரியோ அறக்கட்டளையோ முன்வந்தால் போதும். மூலத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கையெழுத்துப் பிரதிகள் ஹாலேயில் ஃபிராங்கே அறநிலையத்தின் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கடிதங்கள் அச்சான அந்தக் காலத்து அறிக்கைகள் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. முதலில் 99 கடிதங்கள். பிறகு ஐயனாரும் பிடாரியும் வரும் அத்தியாயங்கள். அவற்றைப் பெயர்ப்பவர்கள் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளாகவே இருக்க வேண்டும். படையலில் வைத்த பண்டம் எது, கோயில் வாசலில் நின்ற குதிரை எது என்று பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்குத்தான் தெரியும்.