பொருட்காட்சியும் சமூக ஊடகமும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டா என்பது பழமொழி. கடையருகே நடப்பவருக்கு மணமே செய்தி சொல்லிவிடும். ஆயினும், பத்துக் கல் தொலைவில் உள்ளவரை அந்த மணம் எட்டுவதில்லை. பண்டம் எத்துணைச் சிறந்ததாயினும், அஃது இன்ன நாளில் இன்ன இடத்தில் கிடைக்கும் என்று அறிந்தாலன்றி எவரும் வாங்க வாரார்.

தருமபுரி மாவட்டம் வானம் பார்த்த நிலம் மிகுந்தது. இங்கு 1989ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவிய அவ்வியக்கத்திற்கு இம்மாவட்டமே தொட்டிலாயிற்று. சிறுகச் சேமித்த பெண்கள் சிறுதொழில்களிலும் இறங்கினர். அவர்கள் ஆக்கும் பொருள்களைப் பொருட்காட்சிகளில் வைத்து விற்கும் வழக்கமும் வளர்ந்தது.

இம்மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அங்கு வாழும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் சிறப்புடையது. ஒரு காலத்தில் முதியோர் சிலரே அறிந்திருந்த அக்கலை, மருத்துவர் லலிதா ரெஜியின் முயற்சியால் மீண்டும் தழைத்தது. அப்பெண்களின் அமைப்பிற்குப் ‘போர்கை’ என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமிதம் என்பது பொருள்.

இத்தகைய பொருள்களை நகரத்துப் பொருட்காட்சிக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. வண்டிச் செலவு உண்டு. வீட்டையும் வயலையும் சில நாள் பிரிந்திருக்க வேண்டும். வாங்குவோர் வாராவிடின் பல மாத உழைப்பு மூட்டையாகவே ஊர் திரும்பும். முன்னாளில் தமுக்கும் துண்டறிக்கையும் செய்தி பரப்பின. அவை ஊரெல்லையைக் கடப்பது அரிது. இன்றோ கையிலுள்ள தொலைபேசியின் வழியே வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் முதலிய சமூக ஊடகங்கள் நெடுந்தொலைவுக்குச் செய்தியைக் கொண்டு செல்கின்றன.

அவற்றைப் பயன்படுத்தும் முறை மூவகைப்படும். பொருட்காட்சிக்கு இரு வாரங்களுக்கு முன்னரே நாள், இடம், கடை எண் ஆகியவற்றைப் படத்துடன் அறிவித்தல் வேண்டும். பூத்தையலுக்கு இழை எண்ணி ஊசி கோக்கும் கைகளை அரை நிமிடப் படமாகக் காட்டலாம். கடையில் துணியை மட்டும் காண்பவர், அதிலுள்ள உழைப்பை அப்படத்தில் காண்பர். பொருட்காட்சி நடைபெறும் நாள்களில் புதிய படங்களை வெளியிட்டு, வினவுவோர்க்கு உடனே விடையளித்தல் வேண்டும். முடிந்த பின்னர் வந்தோர்க்கு நன்றி கூறி, விரும்புவோரிடம் மேலும் வேண்டும் பொருள்களைக் கேட்டு அனுப்பலாம். மூன்று நாள் வணிகம் ஆண்டு முழுதும் நீள்வது இதனால்தான்.

ஆயினும், சொல்லில் வாய்மை வேண்டும். எந்திரத் தையலைக் கைத்தையல் என்று கூறினாலும், நிறத்தை மிகைப்படுத்திக் காட்டினாலும், ஏமாந்தவரின் சொல் அதே ஊடகத்தில் இன்னும் விரைவாகப் பரவும். வாங்குவோரைக் கடைக்கு அழைத்து வருவது செய்தி. அவரை மீண்டும் வரச் செய்வது பொருளின் தரமே.